நிறையும் குறியும்

யாழ்ப்பாணத்தார் ‘துவக்கு’ என்பர். தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என்பர். சிங்களத்தார் ‘துவக்குவ’ என்பர். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். துருக்கிச் சொல் ஒன்று பாரசீகம், இந்துஸ்தானி முதலிய பல வாயில்களில் ஏறி இறங்கி நம்மிடம் வந்து சேர்ந்தது. ‘பீரங்கி’ பறங்கியின் பெயரைத் தாங்கி வந்தது. ‘தோட்டா’வும் வடக்கிலிருந்து வந்ததே. கருவி வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆயினும் ஒரு பெயரை நம்மவர் தாமே இட்டார்கள். வாய்வழியே மருந்திட்டுக் கோலால் இடித்து இறுக்கும் பழைய துவக்கை வன்னியிலும் மட்டக்களப்பிலும் ‘இடியன்’ என்பார்கள். இடிபோல் முழங்குவதால் அப்பெயர் என்று கொள்வாரும் கொள்ளட்டும். மருந்தை இடிப்பதால் வந்த பெயர் என்றே எனக்குப் படுகிறது. வெடிப்பதற்கு முன் நிகழும் கைவேலையை நோக்கி இட்ட பெயர் அது. அந்தக் கைவேலையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

வேட்டைக்குரிய இலேசான றைபிளுக்குத் தோட்டாவைக் கையால் நிரப்புவது, நிரப்பியதைக் குறித்திடலில் வைத்துச் சோதிப்பது என இரண்டு கூறுடைய கலை அது. ஊன் உண்ணாத பண்டிதன் ஒருவனுக்கு இதில் என்ன வழக்கு என்று அன்பர்கள் வினவலாம். வழக்கு உண்டு. ஊவா மலைச் சரிவுகளில் இன்றைக்கும் இரவிலே துவக்குகள் நிரப்பப்படுகின்றன. அவற்றை நிரப்புவோர் மருந்தை நிறுப்பதில்லை, குறியைச் சோதிப்பதில்லை, குறி பார்த்துச் சுடுவதுமில்லை. அதனால் கால் இழந்தோரும் உயிர் இழந்தோரும் உளர். அதனைப் பின்னர்ச் சொல்வேன். முறையாக நிரப்புவது இன்னது என்று தெரிந்தாலன்றி முறைகேட்டின் அளவு விளங்காது.

சோதனையிலிருந்தே தொடங்குவோம். இராமனிடம் வாலியைக் கொல்லும் ஆற்றல் உண்டோ என்று சுக்கிரீவனுக்கு ஐயம். மராமரங்களைத் துளைத்துக் காட்ட வேண்டுகிறான். கம்பர் இதற்கென்றே மராமரப் படலம் வகுத்தார். வேண்டிய செயல் முடிந்த பின்னரே வாலியின் கதை தொடர்கிறது. தெய்வமே ஆயினும் வில்லும் அம்பும் உயிருள்ள மார்பை நோக்குமுன் உயிரற்ற மரத்தை நோக்க வேண்டும் என்பது அங்கே கிடக்கும் நெறி. வாலிவதை அறமா அன்றா என்று பட்டிமன்றம் நடத்துகிற நாம் இந்தப் படலத்தை விரைந்து கடந்து விடுகிறோம். வகுப்பறையில் நானும் மாணாக்கரும் அதில் தங்கி நிற்பதுண்டு.

இனி ஊவாவுக்கு வருவோம்.

பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் என்றொரு கோயில் உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. பதுளையில் அரசாங்க உதவி அதிபராக இருந்தவர், பாதைகள் வகுத்தவர். அவர் கொன்ற யானைகள் 1,400-க்கு மேல் என்று எமர்சன் தெனன்ற் எழுதி வைத்தார். 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7 ஆம் நாள் ஹப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். இடியனை ஏந்தியவர் இடியால் இறந்தார் என்று சிலேடை பாடத் தோன்றும். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று மலைநாட்டார் கதை சொல்வார்கள். கதை எவ்வாறாயினும் ஆகுக. 1,400 என்ற எண் மட்டும் நெஞ்சில் நிற்கிறது.

றொஜர்ஸ் துவக்கைப் பற்றி நூல் எழுதவில்லை. எழுதியவர் சாமுவேல் பேக்கர். 1848 இல் நுவரெலியாவில் குடியேறி ஏழாண்டு இருந்தவர். இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1854 இல் வெளிவந்தது. நமது மரையை அவர் ‘எல்க்’ என்று எழுதினார்; குளிர்நாட்டு விலங்கின் பெயரை நம் மலைக்காட்டு விலங்கின் தலையில் கட்டினார். விலங்கின் பெயரில் வழுவினாலும் துவக்கின் கணக்கில் வழுவாதவர். தம் கருவிகளை ஒவ்வொன்றாக நிறை சொல்லி எழுதுகிறார். நாலு அவுன்ஸ் றைபிள் ஒன்று, 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் றைபிள் ஒன்று, 16 இறாத்தல். இரட்டைக் குழல் றைபிள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். கூட்டிப் பார்த்தால் 97 இறாத்தல்! இவ்வளவையும் காடு மலை ஏற்றிச் சென்றவை உள்ளூர்த் தோள்கள். வேட்டைக்காரரின் கையில் வேட்டை நேரத்தில் இருப்பது ஒன்று. மற்றவை பின்னே வருவோர் சுமையில்.

பெரிய றைபிளை பிறிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் செய்து கொடுத்தார். ஒரு வெடிக்கு 16 டிராம் கருமருந்து. 16 டிராம் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் அளவு. அதன் பட்டைக் குண்டு மூன்று அவுன்ஸ்.

ஏன் இத்தனை பாரம்? கருமருந்தின் இயல்பு அது. அது தள்ளும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்ட முடியாதவர் குண்டைப் பெருக்கினார். குண்டு பெருத்தபோது மருந்தும் பெருத்தது. இரண்டும் பெருக்கவே துவக்கு தோளை உதைத்தது. உதைப்பை அடக்கத் துவக்கின் எடையை ஏற்றினார். எடையை ஏற்றியபின் சுமக்க ஆள் தேடினார்.

இந்தச் சங்கிலி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறுந்தது. 1884 இல் பிரான்சிலே போல் வியேய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டார். 1889 இல் இங்கிலாந்திலே கோர்டைட் வந்தது. இம்மருந்து சிறிதாக இருந்துகொண்டே பெரிதாகத் தள்ளியது. குண்டு மெலிந்து நீண்டது. அதன் வேகம் இருமடங்கை எட்டியது. ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய பெல் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுள் மிகப் பலவற்றை ஏழு மில்லிமீற்றர் றைபிளால் கொன்றார். அதன் குண்டு 173 கிரெயின். பதினொரு கிராம் அளவு. பேக்கரின் மூன்று அவுன்சுக் குண்டில் ஏழிலொரு பங்கும் இல்லை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறதென்று படித்தவர் பெல். அவர் செய்த கொலையை நான் மெச்சவில்லை. படித்த படிப்பை மெச்சுகிறேன்.

பதினொரு கிராம் யானையை எவ்வாறு வீழ்த்தும் என்று மலைப்பவர் புறநானூற்றை நினைக்க. வல்வில் ஓரி விடுத்த ஓர் அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடினார். புலவர் மிகைப்படுத்தினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மிகைக்கு உள்ளே இருக்கும் பொறியியல் மெய். ஊடுருவும் பொருள் பருத்திருக்கக் கூடாது. தன் அகலத்துக்கு மிஞ்சிய எடையோடு நீண்டிருக்க வேண்டும். உருண்டைக் குண்டு மூன்று அவுன்சு இருந்தாலும் பரந்த முகத்தால் தசையை முட்டி நிற்கும். அம்பு போன்ற குண்டு புகுந்து போகும். பெல்லின் குண்டு ஓரியின் அம்புக்கு உறவு.

இலேசான றைபிள் இவ்வாறு பிறந்தது. சுமப்பவனும் சுடுபவனும் ஒருவனாயினர். எட்டு இறாத்தலாக இருந்தது ஏழாயிற்று, ஏழு ஆறாயிற்று. மலையேறும் கால்களுக்கு அது வரம். தோளுக்கோ வேறு கணக்கு. குண்டு முன்னே பாய்வதற்கு நிகரான உந்தல் துவக்கைப் பின்னே தள்ளும் என்பது நியூற்றன் விதி. எட்டு இறாத்தல் துவக்கை ஆறு இறாத்தலாகக் குறைத்து அதே தோட்டாவை இட்டால், பின்னேறும் வேகம் மூன்றிலொரு பங்கு கூடும்; உதைப்பின் ஆற்றலும் அவ்வளவே கூடும். நாலு வெடி தீர்ந்தபின் உடம்பு தானே பாடம் படித்துக்கொள்கிறது. ஐந்தாம் வெடிக்குக் கண் முன்னரே மூடும், தோள் சுருங்கும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும். குண்டு குறியை விட்டு விலகும். மான் சாகாது, வயிறு கிழிந்து ஓடும்.

ஆகவே தோட்டாவைத் துவக்குக்கும் தோளுக்கும் ஏற்ப அளந்து நிரப்பிக்கொள்கிறார்கள். கடைத் தோட்டா எல்லார்க்கும் பொதுவாகச் செய்த செருப்பு. கைத்தோட்டா கால் அளந்து தைத்த செருப்பு.

இத்தொழிலை எனக்குச் சொல்லிக் காட்டியவர் ஒரு முதியவர். ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். எண்பது கடந்தவர். 1960-களில் அத்தோட்டத்துப் பெரிய துரை ஓர் ஆங்கிலேயர். இளமையில் தியத்தலாவையிலே தோட்டக்காரர் றைபிள் படையில் பயின்றவர். அப்படை 1900 இல் தொடங்கி 1949 இல் கலைக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டக்காரர் மட்டுமே அதில் சேரலாம். தியத்தலாவையைப் பற்றி ஒரு சொல். அதே 1900 இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரவரை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். பின்னர் அது படைப்பயிற்சி நிலையமாயிற்று. இன்றும் இலங்கை இராணுவக் கழகம் அங்கேதான் இருக்கிறது. ‘பொக்ஸ்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அமைத்த வெள்ளைக்கல் நரி ஒன்றை அதன் குன்றிலே இன்றும் காணலாம். கப்பலில் வந்தவர்கள் மலையிலே நரியை எழுதிச் சென்றார்கள்!

தியத்தலாவையில் பயின்ற ஒழுக்கம் துரையை விடவில்லை. அவருடைய ஏழு மில்லிமீற்றர் றைபிள் ஏழு இறாத்தலுக்கும் குறைந்தது. அதற்குத் தாமே தோட்டா நிரப்புவார். ஞாயிற்றுக்கிழமை மாலை, பங்களாவின் பின்னறை, ஜன்னலை மூடிவிடுவார். காற்று அடித்தால் தராசு ஆடும். எங்கள் கிளாக்கரையா கோதுகளைத் துடைத்துக் கொடுப்பார்.

“துரை மருந்து நிறுக்கிற நேரம் பேசமாட்டாருங்க, வாத்தியாரையா. நானும் இருமமாட்டேன்” என்றார் அவர்.

வேலையை ஒழுங்காகச் சொன்னார். வெடித்த பித்தளைக் கோது நெருப்பின் வேகத்தில் விரிந்திருக்கும். அதன் கழுத்தில் கீறல் உண்டோ என்று நகத்தால் தடவிப் பார்ப்பர். கீறியது குப்பைக்குப் போகும். நல்லதை அச்சிலே அழுத்தி முன்னைய அளவுக்குக் கொண்டுவருவர். பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதிய கேப்பை இருத்துவர். பிறகு மருந்து; பிறகு குண்டு. இறுதியில் ஒவ்வொரு தோட்டாவையும் மறுபடி நிறுத்துப் பார்ப்பர், ஒன்றிலே இருமுறை மருந்து விழுந்திருக்கலாகாது என்பதற்காக. ஒரு மருந்தின் அளவை வேறொரு மருந்துக்குக் கொள்ளவே கூடாது. கருமருந்தை அளந்த கரண்டியால் புகையில்லா மருந்தை அள்ளி நிரப்பியவனுடைய துவக்கு அவன் முகத்தருகே வெடிக்கும்.

மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். இறாத்தலுக்கு 7,000 கிரெயின். தானியமணி என்பதே அச்சொல்லின் பொருள். நம் பொற்கொல்லர் வாய்பாட்டில் நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி. குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின். ஆகவே நெல் ஒன்று அரைக் கிரெயின் என்று ஆகிறது. துரை மருந்தை அரைக் கிரெயின் அரைக் கிரெயினாகக் கூட்டிக் கூட்டிச் சோதித்தாராம். தமிழிற் சொன்னால் நெல் நெல்லாகக் கூட்டினார். அவர் அறியாமலே நம் தட்டாரோடு ஒரே வாய்பாடு படித்திருக்கிறார்.

இவ்விடத்தில் கிளாக்கரையா சற்றுச் சிரித்தார். “அதே நாள்ல கொழுந்து நிறுக்கிற இடத்துல கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு இறாத்தல் கணக்குல கழிப்பாங்க. அதையும் நான்தானுங்க எழுதினேன்” என்றார். வெடிமருந்துக்கு நெல்லெடைத் தராசு. பெண்களின் உழைப்புக்கு இறாத்தல் தராசு. இதற்கு மேல் நான் அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

சோதனை நடந்த இடம் தோட்டத்தின் மேற்புறத்துப் பத்தனைப் புல்வெளி. பின்னே உயர்ந்த மண்மேடு. நூறு யார் தூரத்திலே பலகை. அதில் வெள்ளைத் தாள். மணல் நிரப்பிய சாக்கின்மேல் றைபிளைக் கிடத்தி மூன்று வெடி வைப்பார்கள். மூன்று துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதே கேள்வி. நடுப்புள்ளியில் விழுந்தனவா என்பது பிறகு. நெருங்கி விழுந்தால் நோக்கியைத் திருத்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறி விழுந்தால் திருத்த ஒன்றுமில்லை. இலக்கணம் தெரியாதவன் தற்செயலாகப் பிழையின்றி எழுதிய ஒரு வாக்கியம் போன்றது நடுவில் விழுந்த ஒற்றைத் துளை. ஆசிரியர்களுக்கு இது விளங்கும்.

மிக வல்ல மருந்தளவே மிக நல்ல அளவு என்று இளைஞர் எண்ணுவர். தாள் அவ்வாறு சொல்லவில்லை. ஓர் அளவிலே மூன்று துளைகளும் ஒரு ரூபாய்க் குற்றியால் மறைக்கும்படி விழுந்தன. ஒரு நெல் கூட்டியதும் உள்ளங்கையளவு பரந்தன. குழல் வெடிக்கும்போது கம்பிபோல அதிர்கிறது. அதிர்வின் எந்தக் கட்டத்தில் குண்டு வாயைவிட்டு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்து அது போகும் திசை சிறிது மாறும். மெலிந்த குழல் மிகுதியாக அதிரும். அன்றியும் விரைவில் சூடாகும். அடுத்தடுத்துச் சுட்டால் துளைகள் தாளில் ஒரு பக்கமாக ஊர்ந்து போகும். வேட்டையிலே காட்டு விலங்கு முதல் வெடிக்குத்தான் நிற்கும். ஆதலால் குளிர்ந்த குழலின் முதல் வெடி எங்கே விழுகிறது என்பதே வேட்டைக்காரன் அறிய வேண்டியது. துரை ஒரு காலையில் ஒரேயொரு வெடி வைப்பார், வீடு திரும்புவார். மறுநாள் காலை அதே தாளில் இன்னொன்று. பத்துக் காலை போன பின்பே அந்த மருந்தளவு குறிப்புப் புத்தகத்தில் ஏறும். நாள், மழை வெயில், மருந்து, குண்டு, துளைகளின் இடைவெளி என்று நிரல் போட்டு எழுதியவர் நம் கிளாக்கர்.

மழை வெயிலை ஏன் எழுத வேண்டும்? ஊவாவில் வாழ்பவர் இதனைக் கேட்கமாட்டார். ஹப்புத்தளை கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றர் அளவிலே மூடுபனியில் நிற்கிறது. அங்கிருந்து பெரகலை வழியாக இறங்கி வெல்லவாயாவை அடைந்தால் வறள்நாட்டு வெயில். ஒரு காலைப் பொழுதுக்குள் கம்பளிச் சட்டையிலிருந்து வேர்வைக்கு வந்துவிடுவோம். மருந்தும் அவ்வாறே வேர்க்கிறது. சூடேறிய மருந்து விரைந்து எரியும். குழலுக்குள்ளே அமுக்கம் உயரும். கோர்டைட் இக்குணம் மிக்கது. இங்கிலாந்திலே சோதித்த தோட்டாக்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மிஞ்சி வெடித்தமையால், வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்தார்கள். மலையுச்சிக் குளிரிலே எல்லை மட்டும் நிரப்பிச் சோதித்த தோட்டா சமவெளி வெயிலிலே எல்லையைத் தாண்டும். கேப்பு நசுங்கித் தட்டையாகும். கோதை வெளியே இழுக்கும் கைப்பிடி இறுகிக்கொள்ளும். இவை துவக்கு தரும் முன்னெச்சரிக்கைகள். கண்டும் காணாதவன் அடுத்த தோட்டாவையும் இடுவான்.

மலைச்சரிவு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. நூறு யாரில் குறி சரிசெய்த இத்தகைய றைபிளின் குண்டு இருநூறு யாரில் மூன்று நான்கு அங்குலம் தாழும்; முந்நூறு யாரில் ஓரடிக்கு மேல் தாழும். தரை மட்டமாக இருந்தால் இக்கணக்கு. செங்குத்துச் சரிவில் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ சுடுபவனுக்கு முப்பது பாகைச் சாய்வில் முந்நூறு யார் என்று தோன்றும் தூரம் கிடைத்தளவில் 260 யாரே. புவியீர்ப்பு அந்தக் கிடைத்தூரத்துக்கே குண்டை இழுக்கும். முந்நூறுக்கென்று உயர்த்திப் பிடித்தவனுடைய குண்டு முதுகுக்கு மேலாகப் போய்விடும். மேலே போனால் நல்லது; சற்றே மேலே போய் முதுகெலும்பைச் சிராய்த்தால்?

இங்கே வள்ளுவரோடு ஒரு சிறு வழக்கு உண்டு. முயலைக் கொன்ற அம்பிலும் யானையைப் பிழைத்த வேல் இனிது என்று அவர் கருதியது படைச்செருக்கில். போர்க்களத்துக்கு அது பொருந்தும். வேட்டைக்காட்டுக்குக் கொண்டுவந்தால் தீங்கு. பிழைத்த வேலை உடம்பில் ஏந்தி ஓடிய யானை அடுத்த ஊர் வயலில் வந்து நிற்கும். புண்பட்ட யானை, புண்பட்ட சிறுத்தை, இவற்றின் சீற்றத்தைத் தாங்குபவன் சுட்டவன் அல்லன். விறகு பொறுக்கப் போன ஏழை. வேட்டையில் எய்ததெல்லாம் வீழ வேண்டும், அல்லது எய்யவே கூடாது.

அந்த வேட்டைக் காலம் முடிந்தது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானையையும் சிறுத்தையையும் காக்கின்றன. துவக்கு வைத்திருக்க 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். (‘சுடுகலன்’ நல்ல தமிழ். சட்டத்தை மொழிபெயர்த்தவர் யாரோ, வாழ்க.) றைபிளும் நெல்லெடைத் தராசும் துரையோடு கப்பலேறிப் போயின. காட்டுப்பன்றி போகவில்லை. லயத்துக்குப் பின்னே இருக்கும் சிறு தோட்டத்தில் மரவள்ளியையும் வற்றாளையையும் ஓரிரவில் உழுது போட்டுவிடுகிறது. ஒரு குடும்பத்தின் மூன்று மாதப் பாடு அதிகாலையில் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும். அந்தக் கண்ணீரை அறியாதவர் மேற்கொண்டு நான் சொல்வதற்கு எளிதில் தலையாட்டிவிடுவர். அறிந்தவர்களுக்காகவே சொல்கிறேன்.

பன்றிக்கென்று வைப்பது கட்டுத்துவக்கு. பாதையோரத்திலே கட்டிவைத்த களவுத் துவக்கு. குறுக்கே ஒரு நூல் அல்லது கம்பி. தொட்டவர் எவரோ அவரைச் சுடும். இதுவரை சொன்ன கலையின் ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாக எழுதினால் கட்டுத்துவக்கு ஆகும். மருந்துக்கு நிறையில்லை, குழலுக்குச் சோதனையில்லை, விசையில் விரலில்லை, குறியின் பின்னே கண்ணில்லை. பன்றியின் நெஞ்சுயரத்துக்கு வைப்பதால் மனிதனுக்குக் காலிலே படுகிறது. நாட்டுப்புற வைத்தியசாலைகளுக்கு வரும் கட்டுத்துவக்குக் காயங்களில் மிகப் பல முழங்காலும் அதன் அயலும். எலும்பு நொறுங்கும், உள்ளே மண்ணும் துருவும் புகும், கால் எடுக்க வேண்டி வரும். குறுக்குப் பாதையில் கொழுந்துக்குப் போகும் பெண்ணுக்கும் ஆடு தேடிப் போகும் சிறுவனுக்கும் பன்றிக்கும் அந்த நூல் வேற்றுமை காணாது. சிறுத்தைக்கும் காணாது.

பொதுவாக வேடர் வில்லையும் நாட்டு இடியனையும் நான் இழித்துரைக்க வரவில்லை. மகியங்கனைப் பக்கத்துத் தம்பானை வேடர் வில்லேந்தி வேட்டையாடியவர்கள். அருகில் ஊர்ந்து சென்று, விலங்கின் விலாவைக் கண்ணால் கண்டு எய்தவர்கள். அவர்களுக்குத் தராசு இல்லை. ஆனால் கை நிறுத்தது, கண் சோதித்தது. கட்டுத்துவக்கை வைத்தவன் அந்நேரம் வீட்டில் உறங்குகிறான்.

எங்கள் கிளாக்கரையாவுக்கு இப்போது வெலிமடைப் பக்கத்திலே மகன் வீடு. வீட்டுக்குப் பின்னே கால் ஏக்கரில் உருளைக்கிழங்கும் போஞ்சியும். பன்றி இருமுறை வந்து போயிற்று. அயலூரான் ஒருவன், “தாத்தா, நான் ஒண்ணு கட்டித் தாரேன், ஒரு ராத்திரியில சரியாகிடும்” என்றானாம். “மருந்து எவ்வளவு போடுவே?” என்று கேட்டிருக்கிறார் இவர். அவன் சிரித்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினானாம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

இப்போது தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வெற்றுப் பால்மாத் தகரங்களைத் தொங்கவிட்டிருக்கிறார். கயிற்றின் ஒரு நுனி அவர் படுக்கும் திண்ணை வரை வருகிறது. இருட்டில் சலசலப்புக் கேட்டால் இழுப்பார். குறிஞ்சிப் புனத்திலே தினை காத்த மகளிர் கையில் இருந்த தட்டையை மூங்கிலைப் பிளந்து செய்தார்கள் என்று அவருக்குச் சொன்னேன். “அவங்களுக்கு எத்தனை மணிக்குப் பன்றி வந்ததுங்க?” என்று கேட்டார். தமக்கு இரண்டு மணிக்கு வருகிறதாம்.